யாருக்காகவும் இறங்காத பெரியவர்

"எங்க பெரியவரு யாருக்காகவும் எறங்க மாட்டாரு லா. மனுசங்கதான் அவருகிட்ட ஏறி வரணும்."

கிள்ளான்வாசியான சந்திரகலா இந்தத் திருவாக்கை அருளிய இடம் பிரிக்பீல்ட்ஸ், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி. பெரியவர் என்றதும் அவருடைய மாமனார் என்று எண்ணிவிடக் கூடாது. பெரியவர் ஒரு பிஸ்கட் டின்.

அந்த மேல்மாடியில் மாதம் ஒருமுறை மின்னிசைப் பிரியர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் நாற்பதை நெருங்கும் ஆண்கள். எல்லோருக்கும் தாடி, எல்லோருக்கும் கறுப்புச் சட்டை. ஆளுக்கு ஒரு சிந்தசைசரை மேசைமேல் வைத்துக்கொள்வார்கள். அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது: தந்தியும் இல்லாமல், தோலும் இல்லாமல், ஊதவும் செய்யாமல், மின்சாரத்தை உலுக்கியே சத்தம் வரவழைக்கும் பெட்டிக்குச் சிந்தசைசர் என்று பெயர். அதில் குமிழ்கள் நிறைய இருக்கும். ஒரு குமிழை மெல்லத் திருகி, கண்களை மூடி, தலையை ஆட்டுவது இவர்களுடைய வழிபாட்டு முறை. கீழே ரசம் ஊற்றுகிறார்கள். மேலே இவர்கள் கண்ணை மூடியிருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்குள் நூல் சேலையும் நெற்றியில் திருநீறுமாக, மடியில் டின்னோடு ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தால் தாடிகள் என்ன நினைக்கும்? முதல் நாள், யாருக்கோ முறுக்கு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தன.

திருவாக்கு பிறந்த அன்று ஐவன் என்ற வழக்கறிஞர், தாம் பிறப்பதற்கு முன்பே ஜப்பானில் செய்யப்பட்ட பழைய சிந்தசைசர் ஒன்றைக் குளிப்பாட்டிய குழந்தையைப் போலத் துவாலையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். வாசிக்கத் தொடங்கிச் சற்று நேரத்தில் யாரோ ஏர்கோன் குளிரைக் கூட்டிவிட்டார்கள். பெட்டியின் சுருதி மெல்ல நழுவியது. ஐவன் வெட்கப்படவில்லை. சூடு குளிர் பட்டால் பழைய மெஷின்கள் சுருதி விலகத்தான் செய்யும், அதுதான் அவற்றின் கேரக்டர் என்று பெருமையாக விளக்கினார். தாடிகள் ஆமோதித்தன.

கர்ப்பக்கிரகத்தில் செருப்போடு நிற்பவரைப் பார்ப்பது போல சந்திரகலா அவரைப் பார்த்தார்.

"சுருதி வெலகறது கேரக்டரா தம்பி? எங்க தாமான்ல அதுக்கு வேற பேரு."

அதன் பிறகுதான் டின் மூடியைத் திறந்து காட்டி, மேற்படி வாக்கை அருளினார். இனி, அந்த வாக்கு என்ன ஆயிற்று என்பதைப் பொறுப்போடு பதிவு செய்வது நம் கடமை.

சந்திரகலாவின் வரலாறு முழுவதும் ஈயத்தில் எழுதப்பட்டது. பள்ளி முடித்ததும் ஷா ஆலமில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தார். ரேடியோ, வீடியோ பெட்டிகளுக்கான பலகைகளில் ஈயம் பற்றவைக்கும் வேலை. விடியுமுன் ஃபேக்டரி பஸ், முகத்தில் மாஸ்க், எட்டு மணி நேரம் வாய் திறக்கக் கூடாது என்ற விதி. அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் உஷாராணி. சந்திரகலா பற்றவைத்த பலகையைப் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்து, சரி அல்லது தப்பு என்று முத்திரை குத்துவது உஷாராணியின் வேலை. ஃபேக்டரி வியட்நாமுக்குப் போகும்வரை இருவரும் அந்த இரண்டு நாற்காலிகளைவிட்டு நகரவில்லை. அத்தனை ஆண்டுகளில் உஷாராணி ஒரே ஒரு பலகைக்காவது தப்பு என்று குத்தியிருந்தால் சந்திரகலா இன்னும் கொஞ்சம் அடக்கமான மனுஷியாக வளர்ந்திருப்பார். குத்தவில்லை. விளைவை நாடு அனுபவிக்கிறது.

ஃபேக்டரி மூடியபின் மற்ற பெண்கள் நாசி லெமாக் சோற்றுக் கடை போட்டார்கள், பள்ளி வேன் ஓட்டினார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சந்திரகலா மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில், ஏதோ ஒரு மூடிப்போன ஹோட்டலின் பேண்ட் குழு விட்டுச்சென்ற செத்த சிந்தசைசர் ஒன்றை வாங்கினார். உள்ளே கரப்பான் ஒன்று குடும்பத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தது. அவர்களை வெளியேற்றிவிட்டுப் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார். அந்த ஈயப் பற்றுகள் ஒவ்வொன்றும் அரிசிமணி போல ஒரே அளவு. "இது பொம்பள கை" என்று கணவரிடம் சொன்னார். லோரி ஓட்டுநரான கணவர், ஜொகூர் வரை போய்த் திரும்பிய களைப்பில், எந்தப் பொம்பள என்று கேட்டார்.

அங்கே தொடங்கியது. பழைய பெட்டியில் பிழைத்திருந்த ஆசிலேட்டரை, அதாவது சத்தம் பிறக்கும் உறுப்பை, அறுத்தெடுத்துப் பிஸ்கட் டின்னுக்குள் குடிவைத்தார். மற்ற உறுப்புகளைக் கணினியில் வீடியோ பார்த்துப் பார்த்து அவரே செய்தார். பின்சமையலறையிலிருந்து இடி, ஆவி, நாய் ஊளை, கப்பல் சங்கு என்று பல ஒலிகள் புறப்பட்டன. அடுத்த வீட்டுச் சீனத் தாத்தா, ஓய்வுபெற்ற ஃபிரிட்ஜ் மெக்கானிக், தம் கருவிப் பெட்டியோடு வந்து கேட்டைத் தட்டினார். எந்த ஃபிரிட்ஜும் இவ்வளவு வேதனைப்பட்டுத் தாம் கேட்டதில்லை என்றார்.

சூடு குளிரால் சுருதி விலகும் வியாதி இந்த ஆசிலேட்டருக்கும் இருந்தது. சந்திரகலா அதைக் கேரக்டர் என்று ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தில் பிறக்கவில்லை. வீட்டுச் சோற்றுக் குக்கரைக் கழற்றினார். சோற்றை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் பகுதியை எடுத்து ஆசிலேட்டரைச் சுற்றிக் கட்டினார். குளிர் பட்டால் குக்கர் சூடாக்கிவிடும். சுருதி நிலைத்து நிற்கும். மழை, ஏர்கோன், காற்றாடி எதற்கும் அசையவில்லை. டின்னுக்குப் பெரியவர் என்ற பட்டம் அன்றுதான் கிடைத்தது. குடும்பம் அன்று முதல் சோற்றைச் சட்டியில் வடித்துச் சாப்பிட்டது.

இப்படிப்பட்ட பெரியவர் வெள்ளிக்கிழமை பஜனைக்கு எழுந்தருளியது தற்செயல்தான். தாமானில், அதாவது அவர்கள் குடியிருப்பில், திருச்செல்வம் என்பவர் வீட்டுக் கார் போர்ச்சில் வாராவாரம் பஜனை நடக்கும். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். கப்பல் வந்ததோ இல்லையோ, சரியான நேரத்துக்கு வந்தவர். அவருடைய ஹார்மோனியத்தைக் கரையான் தின்றுவிட்டது. சுருதிக்கு ஆளில்லாமல் குழு தவித்தபோது சந்திரகலா பெரியவரைப் பட்டுத்துணி போர்த்தி எடுத்து வந்தார். கரோக்கே ஸ்பீக்கரில் இணைத்தார். ஐந்து கட்டையில் ஒரு ரீங்காரம் எழுந்து, போர்ச்சை நிறைத்து, தொடங்கிய இடத்திலேயே நின்றது. திருச்செல்வம் கண்கலங்கினார். ஹார்மோனியத்தின் எலும்புக்கூட்டை மறுநாளே குப்பை லோரியில் ஏற்றிவிட்டார்.

எல்லோருக்கும் மகிழ்ச்சி, உஷாராணியைத் தவிர.

உஷாராணிக்குப் பாடுவது என்றால் உயிர். குரலில் தேன் இல்லாவிட்டாலும் சர்க்கரை இருந்தது. ஒரே குறை, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சுருதி கொஞ்சம் இறங்கிவிடும், மேட்டிலிருந்து பஸ் இறங்குவதுபோல, சத்தமில்லாமல், பிரேக்கும் இல்லாமல். ஹார்மோனியக் காலத்தில் திருச்செல்வமே சுமாராக வாசித்ததால் யார் யாரைவிட்டு விலகினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. பெரியவர் வந்தபின் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஃபேக்டரி மூடிய பிறகு அந்த அம்மாளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: குழுவுக்கு முன்னால் நின்று ஒரு பாட்டு எடுத்துக்கொடுக்க வேண்டும். அவர் முதல் வரி பாட, மற்றவர்கள் பின்னால் பாட வேண்டும்.

"அத்தன வருசம் மாஸ்க்க போட்டு வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன் கலா. ஒரு பாட்டு. முன்னால நின்னு. அதுக்கப்புறம் என்னைய கடைசி வரிசையில போட்டா போதும்" என்று அவர் சந்திரகலாவிடம் சொல்லாத வாரமில்லை.

பல வருடக் காத்திருப்புக்குப் பிறகு திருச்செல்வம் இணங்கினார். சரஸ்வதி பூசையன்று ஒரு முருகன் பாட்டை உஷாராணி எடுத்துக்கொடுக்கலாம். ஆனால் பெரியவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். விலகினால் இனிக் கேட்கக் கூடாது. உஷாராணி ஒரு மாதம் குளிர்ந்த தண்ணீர் குடிக்கவில்லை. சந்திரகலா தினமும் பெரியவரை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பயிற்றுவித்தார். உஷாராணி இறங்குவார், சந்திரகலா தொடையைத் தட்டுவார், உஷாராணி ஏறுவார். உஷாராணி கடைசியில் ஓரளவு ஏறியே நின்றார்.

சரஸ்வதி பூசை வந்தது. கருவிகளை எல்லாம் சாமி முன்னால் பரப்பி வைத்திருந்தார்கள்: டோலக், தாளங்கள், திருச்செல்வத்தின் வாசிப்புக் கண்ணாடி. திருச்செல்வத்தின் மனைவி ரமணி பக்தியில் குறை வைக்காதவர். பெரியவரின் மூடியில் சந்தனம் தடவினார், குங்குமம் வைத்தார், மல்லிகைச் சரம் சுற்றினார். இடதுபுறம் ஓர் அகல் விளக்கு, வலதுபுறம் ஓர் அகல் விளக்கு வைத்தார். மனம் நிறையாமல், குத்துவிளக்கையும் நகர்த்தி டின்னோடு ஒட்டி வைத்தார்.

விளக்கைத் தள்ளி வையுங்கள் என்று சந்திரகலா சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் ஈயம் பற்றவைத்தவர் அவர். அவர் செய்த பலகைகள் எந்தெந்த நாட்டுக்கோ போய், யார் யார் வீட்டு ரேடியோவுக்குள்ளோ ஒளிந்துகொண்டன. இன்றுதான் அவர் செய்த ஒன்றுக்குப் பொட்டு வைத்து ஒருவர் கும்பிடுகிறார். அந்த நேரத்தில் எந்தப் படைப்பாளிக்குத் தீப்பாதுகாப்பு நினைவு வரும்?

உஷாராணி அரக்கு நிறப் பட்டில் முன்னால் வந்து நின்றார். பாட்டை எடுத்தார். முதல் அடி கச்சிதமாகப் பெரியவரோடு பொருந்தியது. திருச்செல்வம் தலையாட்டினார். குழு பின்னால் பாடியது. பாட்டு நீண்ட பாட்டு. முருகனின் ஒவ்வொரு மலையையும் தொட்டுப் போவது.

இரண்டாவது மலையைத் தாண்டும்போது பெரியவர் ஏறத் தொடங்கினார்.

இந்த இடத்தில் வாசகர் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம்: சுருதி ஏறியதை ஒருவரும் கவனிக்கவில்லையா? கவனித்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கவனித்தார்கள். ஆனால் பெரியவர் மாறமாட்டார் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. எனவே, தாம்தான் இறங்கிவிட்டோம் என்று ஒவ்வொருவரும் எண்ணினார்கள். அவமானத்துக்கு அஞ்சி ஒவ்வொருவரும் கொஞ்சம் மேலே ஏறிப் பாடினார்கள். பெரியவர் இன்னும் ஏறினார். அவர்களும் ஏறினார்கள். ஐந்து கட்டை ஐந்தரையாயிற்று, ஆறாயிற்று. டோலக் வாசித்தவரின் கழுத்தில் நரம்பு புடைத்தது. திருச்செல்வத்தின் கம்பீரக் குரல் எங்கோ மறைந்து, அதன் இடத்தில் வாசல்மணி போல ஒன்று ஒலித்தது. ரமணி கண்களை மூடி, கைகளை உயர்த்தி, கிளையை எட்டிப் பழம் பறிப்பவரைப் போல நுனிக்காலில் நின்று பாடினார். பக்கத்துத் தெருவில் நாய்கள் பதிலளித்தன. நாட்டின் இசை வரலாற்றில் இத்தனை பேர் இத்தனை ஒற்றுமையாக மேலே போனது இதற்கு முன் நடந்ததாகத் தெரியவில்லை.

உஷாராணி மட்டும் ஏறவில்லை. ஏற முடியவில்லை. அவருக்கு இயற்கை கொடுத்தது இறங்கும் குணம்; பெரியவர் மேலே இழுக்க, குணம் கீழே இழுக்க, அந்த அம்மாள் தொடங்கிய இடத்திலேயே நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அசையாமல் சுருதியில் நின்ற நாள் அது.

பாட்டு முடிந்தது. ஒருவர் இருமினார். ஒருவர் தண்ணீருக்காகச் சைகை காட்டினார். பிறகு எல்லாக் கண்களும் உஷாராணிமேல் திரும்பின.

ஐயத்துக்கு இடமிருக்கக் கூடாது என்பதற்காகத் திருச்செல்வம் மிச்சமிருந்த குரலில் சந்திரகலாவிடம் கேட்டார், பெரியவருக்கு ஏதாவது ஆயிற்றா என்று.

"பெரியவரு எறங்கல அண்ணே" என்றார் சந்திரகலா.

இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.

உஷாராணி யாரோடும் வாதாடவில்லை. கைப்பையை எடுத்தார், செருப்பைத் தேடினார், போய்விட்டார். பூசை முடிந்து மீஹூன் பரிமாறுமுன் அந்தப் போர்ச்சைவிட்டு ஒருவர் வெளியேறியது அதுவே முதல்முறை. பாட்டைவிட அதுதான் எல்லோரையும் உலுக்கியது. அவருடைய பங்கு மீஹூன் மூடிவைத்த தட்டில் கடைசிவரை இருந்தது; யாரும் தொடவில்லை. கிள்ளானில் இதைவிடப் பெரிய துக்க அனுசரிப்பு கிடையாது.

மறுநாள் காலை ரமணி பாட்டின் வீடியோவைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார். சந்திரகலா சமையலறை மேசையில் கோப்பியோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தார். நோக்கம் நல்லதுதான்: உஷாராணி எந்த இடத்தில் இறங்கினார் என்று துல்லியமாகக் குறித்துக்கொண்டு, ஆதாரத்தோடு ஆறுதல் சொல்வது. கைப்பேசியில் சுருதி காட்டும் ஆப் ஒன்றையும் திறந்து வைத்துக்கொண்டார்.

பாட்டின் தொடக்கத்தில் உஷாராணியின் குரல் ஐந்து கட்டை. நடுவில் ஐந்து கட்டை. கடைசியில், மற்றவர்கள் எல்லோரும் கூரையைப் பிடித்துத் தொங்கும்போது, ஐந்து கட்டை. அதே கடைசியில் பெரியவர் ஆறரை.

சந்திரகலா ஆப்பை அழித்தார். வேறோர் ஆப்பை இறக்கினார். அதுவும் அதையே சொன்னது. கோப்பி ஆறி ஆடை படிந்தது. நிலநடுக்கம் வந்தால்கூட ஓடாத மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார் என்று கணவர் பிற்பாடு சாட்சி சொன்னார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் மூன்று உண்மைகள் உண்டு: சூரியன் கிழக்கே உதிக்கும், உஷா இறங்குவாள், பெரியவர் மாறமாட்டார். ஒரே காலையில் இரண்டு போய்விட்டன.

சிறிது நேரங்கழித்து ஐவனுக்குப் போன் செய்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் இருந்தார்.

"தம்பி, என் ஃபிரண்டு ஒருத்தங்க மெஷின். பக்கத்துல விளக்கு வச்சா சுருதி ஏறுமா?"

"ஆன்டி, உங்க பெரியவரா?"

"ஃபிரண்டுன்னு சொன்னேன்ல."

"சரி, உங்க ஃபிரண்டுகிட்ட கங்கிராட்ஸ் சொல்லுங்க. இப்பதான் அதுக்குக் கேரக்டர் வந்திருக்கு."

அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? பூசை மாடத்திலிருந்து விளக்கை எடுத்துவந்து டின்னருகே ஏற்றினார். பெரியவர் முதலில் கௌரவமாக நின்றார். பிறகு மெல்ல, எதிர்க்கட்சிக்குத் தாவும் உறுப்பினரைப் போல முகம் மாறாமல், ஏறத் தொடங்கினார். சந்திரகலாவுக்கு விளங்கிவிட்டது. குளிர்ந்தால் சூடாக்கக் குக்கருக்குத் தெரியும். சூடானால் குளிர்விக்கக் குக்கருக்கு என்ன தெரியும்? சோறாக்கும் சாமானிடம் ஐஸ் கேட்டால் எங்கே போகும்?

ஆத்திரத்தில் மூடியைத் திறந்து, எந்த இடம் சுடுகிறது என்று பலகைமேல் விரலை வைத்துப் பார்த்தார். பெரியவர் சடாரென்று இறங்கினார். விரலை எடுத்தார், பழைய இடத்துக்குப் போனார். மறுபடி வைத்தார், இறங்கினார். அழுத்தினார், இன்னும் இறங்கினார். மனிதத் தோல் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் ஓடும் என்பது ஈயக்காரருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த அம்மாள் விரலைத் தூக்கிப்பிடித்து, திருடனை வீட்டுக்குள்ளேயே கண்டவரைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே திருச்செல்வம் வீட்டுக்குப் போனார். உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் போனார் என்று நம்ப இடமிருக்கிறது. உஷாவுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று தொடங்கினார். திருச்செல்வம் வெந்நீரால் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, முடியாது என்றார். குரல் இன்னும் திரும்பவில்லை. தீர்ப்புச் சொன்னது தாம் அல்ல, பெரியவர். பெரியவர் தப்ப மாட்டார் என்று தாமானுக்கே அறிவித்தது சந்திரகலா. இப்போது எந்த ஆதாரத்தில் மேல்முறையீடு செய்கிறார் என்று கிசுகிசுத்தார்.

சந்திரகலா வாயைத் திறந்தார். "அன்னிக்கு பெரியவரு..." என்றார். ரமணி பலகாரத் தட்டோடு உள்ளிருந்து வந்து, பெரியவருக்கு அடுத்த வாரத்துக்குப் புதுப் பட்டுத்துணி எடுத்திருப்பதாகச் சொன்னார். சந்திரகலாவின் வாய் மூடிக்கொண்டது. தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டார். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே சமாதான முறையைக் கையாண்டார்: உஷாராணி பாடாத பஜனைக்குப் பெரியவரும் வரமாட்டார் என்று அறிவித்தார். ஹார்மோனியம் குப்பைக்குப் போன நாள் திருச்செல்வத்தின் கண்முன் ஓடியது. ஒரே ஒரு தடவை என்று ஒப்புக்கொண்டார். அந்த ஒரு தடவையும் விலகினால், உஷாராணி குழுவையே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது உஷாராணி. அவர் வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சந்திரகலாவைப் பார்த்ததும் கேட்டைத் திறக்காமல் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தார். சந்திரகலா கம்பிகளுக்கு வெளியே நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். உஷாராணி தமக்குக் கோயிலில் தேங்காய் உடைக்கும் சேவை கிடைத்துவிட்டது என்றார். தேங்காய்க்குச் சுருதி பார்க்க மாட்டார்களாம்.

"பெரியவர சர்வீஸ் பண்ணிட்டேன் டீ" என்றார் சந்திரகலா.

"அதுக்கு என்ன வந்துச்சு? அதுதான் தப்பே பண்ணாதே."

சந்திரகலா கேட் கம்பியைச் சுரண்டினார். வெயில் சுள்ளென்று விழுந்தது. உஷாராணி தலைநிமிராமல், மெல்லிய குரலில் பேசினார்.

"ஒன் மேல கோவமில்ல கலா. எனக்குத் தெரியும், நான் எறங்கிருவேன். மறுபடியும் நின்னா மறுபடியும் எறங்குவேன். அத்தன பேரு முன்னால இன்னொரு தடவ என்னால முடியாது."

"எறங்கு" என்றார் சந்திரகலா.

உஷாராணி நிமிர்ந்தார். சந்திரகலாவின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்ட அதிர்ச்சியில் கீரைக் காம்பு கையிலேயே நின்றது. இத்தனை நாளும் தொடையைத் தட்டி ஏறு, ஏறு என்றவள்.

"எறங்குனா?"

"எறங்குனா எறங்கு. நான் பாத்துக்கறேன். கேட்டத் தொற, வெயிலு."

உஷாராணி கேட்டைத் திறந்தார். காரணம் சொல்லாமல் ஆணையிடுபவர் உண்மையில் கெஞ்சுகிறார் என்பதை அடுத்த நாற்காலியில் இருந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை போர்ச் நிரம்பி வழிந்தது. செய்தி பூச்சோங் வரை போயிருந்தது. திருச்செல்வத்தின் தம்பி குடும்பமே காரில் வந்து இறங்கியிருந்தது. ஒருவர் மானம் போவதைப் பார்ப்பதற்கு எந்த நெரிசலும் பெரிதல்ல. ரமணி குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரியவருக்குக் கண் கூசுகிறது என்று சொல்லி, சந்திரகலா அதைச் சாமி படத்தின் அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார். ரமணி இதைப் பெரியவரின் இன்னொரு மகிமையாக எடுத்துக்கொண்டார். புதுப் பட்டுத்துணியைப் போர்த்தினார். மிளகு கஷாயம் குடித்து வந்திருந்த திருச்செல்வம் கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பெரியவர் ஐந்து கட்டையில் ரீங்கரித்தார். உஷாராணி முன்னால் வந்து நின்றார். இம்முறை பட்டு இல்லை, சாதாரணச் சேலை. தொண்டையைச் செருமினார். அதே முருகன் பாட்டை எடுத்தார்.

முதல் வரி சரியாக எழுந்தது. வரியின் கடைசியில், எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில், பஸ் மேட்டிலிருந்து இறங்கியது. குரலும் ரீங்காரமும் ஒன்றோடொன்று உரசின. பூச்சோங்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருச்செல்வத்தின் ஒரு புருவம் உயர்ந்தது. உஷாராணியின் விரல்கள் சேலை முந்தானையை முறுக்கின. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. இரண்டாவது வரியைத் தொடங்கினார், இறங்கிய இடத்திலிருந்தே.

பெரியவருக்கு அருகில் தரையில் அமர்ந்திருந்த சந்திரகலா, முழங்காலில் இருந்த வலதுகையைப் பட்டுத்துணிக்கு அடியில், முன்பே மூடி கழற்றியிருந்த டின்னுக்குள் கொண்டுபோனார். கொசுவை விரட்டுவதுபோலத் துணி கொஞ்சம் அசைந்தது.

ரீங்காரம் இறங்கியது. யாரும் திடுக்கிடாத அளவு, உஷாராணியின் குரல் நின்ற இடம்வரை, அதற்குமேல் ஒரு மயிரிழைகூட இல்லை. உரசல் நின்றது. குழு பின்னால் பாடியது, பெரியவரை நம்பி, இறங்கியே பாடியது. திருச்செல்வத்தின் புருவம் பழைய இடத்துக்கு வந்தது. அடுத்த வரியின் கடைசியில் உஷாராணி இன்னும் கொஞ்சம் இறங்கினார். துணிக்கடியில் விரல் இன்னும் கொஞ்சம் அழுத்தியது. மலை மலையாகப் பாட்டு போயிற்று. எல்லோரும் ஒன்றாக, ஒருவருக்கும் தெரியாமல், கீழே வந்துகொண்டிருந்தார்கள். நாலரைக் கட்டையில் ஆண்களின் குரல் கனத்து அழகாயிற்று. டோலக்காரர் உற்சாகத்தில் ஒரு தாள முத்தாய்ப்பை இரண்டுமுறை வைத்தார். ரமணி அழுதார்.

நாலாவது மலைக்குப் போகும் வழியில், குழு பின்னால் பாடிக்கொண்டிருந்தபோது, உஷாராணி திரும்பிப் பார்த்தார். தப்பைத் தேடியே கண் பழகியவர். பட்டுத்துணியைப் பார்த்தார். துணிக்குள் போய் மறைந்திருந்த கையைப் பார்த்தார். பிறகு சந்திரகலாவின் முகத்தைப் பார்த்தார்.

சந்திரகலா மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை மிகுந்த கவனத்தோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

உஷாராணி முன்பக்கம் திரும்பி, முந்தானையை விட்டுவிட்டு, அடுத்த வரியை எடுத்தார். இம்முறை அஞ்சாமல், தாராளமாக இறங்கினார். சந்திரகலா விரலை அழுத்தினார்.